ஒன்மாரின் கை

பர்மாவிலிருந்து பிழைக்க வந்த நாங்கள் இறால் உரிக்கும் கொட்டகையில் யாருக்கும் முகம் கிடையாது. தொப்பி, முகமூடி, நடுவில் இரண்டு கண்கள், அவ்வளவுதான். மேஸ்திரி விச்சை என்பவர் எங்களைக் கையை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பார். எட்டாம் மேசையில் உரிக்கும் ஒன்மார் தன் மகளின் பழைய மஞ்சள் பாவாடையைக் கிழித்து விரல்களில் சுற்றியிருப்பாள்.

எங்களுக்கெல்லாம் கேமரா கொடுத்து, "உங்க கதையை நீங்களே படம் பிடிச்சுச் சொல்லுங்க, நிலைமை மாறும்" என்றவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் பாடம் நடத்தும் கான்யா டீச்சர். முகம் தெரியாமல் எடுத்தால் ஆபத்தில்லை என்பது அவர் போட்ட விதி. அதை நம்பித்தான் கொட்டகைக்குள் கேமராவை ஒளித்துக் கொண்டுபோய் ஒன்மாரைக் கெஞ்சினேன்.

"மாட்டினா வேலை போயிடும்டி. வேலை போனா இங்க தங்குற பர்மிட் போயிடும். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு பர்மாவுக்கா போவேன்?"

"உன் கையை மட்டுந்தான் எடுக்கப்போறேன்."

"ஐஸ்ல வெந்த கை. இதுல என்ன அழகைக் கண்ட?" என்று சிரித்தபடி நீட்டினாள்.

படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டீச்சரிடம் ஓடினேன்.

"இத கண்காட்சியில மாட்டிடாதீங்க டீச்சர். எங்க மேஸ்திரி கையைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவாரு."

"சரிம்மா, மாட்டல. என்னை நம்பு."

நம்பினேன், மடச்சி.

கண்காட்சியில் நுழைந்ததும் முதலில் தெரிந்தது அந்தக் கைதான், ஆள் உயரத்துக்கு. அதன் முன்னால் டீச்சர் அழைத்திருந்த எங்கள் முதலாளி. பக்கத்தில் விச்சை. படத்தின் கீழே நான் எழுதியதை அவர் படிக்கவேயில்லை.

"நம்ம எட்டாம் மேசைங்க" என்றார் முதலாளியிடம்.

டீச்சரை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"இவ்வளவு நல்ல படத்தை ஒளிச்சு வைக்க மனசு வரலம்மா. முதலாளி பாத்தாதானே மாற்றம் வரும்?"

மாற்றம் மறுநாள் காலையே வந்தது. ஒன்மாரை வெளியே அனுப்பினார்கள். உள்ளே கேமரா கொண்டுவந்தது யார் என்று விச்சை எவ்வளவு மிரட்டியும் அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

கேமராவை டீச்சர் முகத்தில் வீசிவிட்டு வரலாம் என்று தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போகும் வழியில் ஒன்மாரின் அறை. துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் போன் பண்ணாங்க. எனக்கு நடந்ததும் ஒரு நல்ல கதையாம். என்னைப் படம் எடுக்க உன்னை அனுப்புறேன்னாங்க."

என் தோளைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் வந்தியா?"

நான் பதில் சொல்வதற்குள் இரண்டு கைகளையும் மூட்டைக்குள் மறைத்துக்கொண்டாள்.