ஆறு மணிக் காய்ச்சல்

"ரெண்டு நாளா காய்ச்சலே இல்ல. உங்கம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ," என்று டாக்டர் கேஸ் ஷீட்டைக் கட்டில்மேல் போட்டார். ஆபரேஷன் செய்த வயிற்றுக் கட்டையும் மீறிச் சீழ் கசிவதை மகள் காலையில்தான் பார்த்திருந்தாள். அம்மாவின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"தொட்டாவது பாருங்க சார்."

"எல்லாம் எழுதியிருக்குல்ல? பொண்ணு டிகிரின்னு உங்கம்மா வார்டு முழுக்கப் பீத்திக்கிட்டாங்க. அதுக்காக எனக்கே பாடமெடுப்பியா?"

மகளுக்குச் சுருக்கென்றது. ஷீட்டை எடுத்துப் படித்தாள். கடைசி வரியைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு.

"இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு நார்மல்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. ஆறு மணி இன்னும் வரவேயில்ல சார். ஜோசியமும் பாப்பீங்களா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். டாக்டரின் முகம் சுண்டிப்போனது. முணுமுணுத்தபடியே தெர்மாமீட்டரை வைத்தார். நூற்று மூன்று. உடனே பேனாவைத் திறந்து அந்த வரியை அடிக்கப் போனார். மகள் உள்ளங்கையால் அதை மூடினாள்.

"அது அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ எழுதுங்க, நாலு மணிக்கு நூத்தி மூணுன்னு. அப்புறம் வயித்துக் கட்டைப் பிரிச்சுப் பாருங்க. நீங்க பாக்குறவரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."