அசுரன் ஒன்று வந்து சேரவில்லை

ஒன்பது நாவல்கள் எழுதியிருக்கிறேன். அவற்றைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கே போனாலும், இருபத்திரண்டு வயதில் எழுதிப் பாதியில் விட்ட மாயாஜால நாவலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தப்பு என் மேல்தான். ஒரு பேட்டியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைப் பற்றி உளறித் தொலைத்தேன். அன்றிலிருந்து அந்தக் குப்பைதான் எனக்குச் சோறு போடுகிறது.

அந்தச் சனிக்கிழமை காலை நூலகத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். இருபத்தாறில் ஆள் இருந்தது. மூன்றாவது வரிசையில் என் தங்கை. அவள் என் கூட்டத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறாள், சனிக்கிழமை அங்கே கூட்டம் அள்ளும். எனக்காக விடுப்பு எடுத்திருந்தாள். தங்கச்சி முன்னால் கைதட்டல் வாங்கப் போகிறோம் என்று சட்டைக்கு இஸ்திரி எல்லாம் போட்டிருந்தேன்.

கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நூலகர் அம்மா எடுத்து வாசித்தார்.

"அந்த நாவல்ல மொத்தம் எத்தனை நிலா?"

"ஆரம்பத்துல ஏழு. பத்தொன்பதாம் அத்தியாயத்துல எண்ணிப் பார்த்தா ஆறுதான் இருக்கு. ஒண்ணை எங்கயோ விட்டுட்டேன். சமாளிக்கணுமே! அசுரன் திருடிட்டான்னு எழுதிட்டேன். அப்புறம் அதுதான் முழுக் கதையே."

சிரித்தார்கள்.

"கதாநாயகன் எப்படி இருப்பான்?"

"அச்சு அசல் என்னை மாதிரி. உயரமா, தைரியமா, தலை நிறைய முடியோட."

வழுக்கையைத் தடவிக் காட்டினேன். இன்னும் சிரித்தார்கள்.

"ஏன் பாதியில விட்டீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இதற்கு என்னிடம் தயார் பதில் உண்டு. "இலக்கிய முதிர்ச்சி வந்துடுச்சு. அதோட, திருட்டுப்போன நிலாவை எடுத்துட்டு வர ஒரு பொண்ணைக் கிணத்துக்குள்ள இறக்கினேன். மேல ஏத்த வழி தெரியலை. அவளை அங்கேயே விட்டுட்டு நான் வீட்டுக்கு வந்துட்டேன்!"

எந்த ஊரிலும் சோடை போகாத நகைச்சுவை அது. அறையே சிரித்தது, என் தங்கையைத் தவிர. அவள் குனிந்து ஏதோ எழுதினாள். எழுந்து வந்து சீட்டை நூலகர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

நூலகர் அம்மா வாசித்தார். "அந்தப் பொண்ணு நடக்க மாட்டான்னு தெரிஞ்சுதான் கதையை நிறுத்தினீங்களா?"

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்த நாவலை எழுதிய வருஷம் என் தங்கைக்குப் பதினைந்து வயது. சைக்கிளில் போனபோது வேன் இடித்து, இடுப்பிலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டு. எட்டு மாதம் முன்னறைக் கட்டிலில் கிடந்தாள். அவளுக்காகத்தான் அதை எழுதினேன், சாயங்காலம் ஒரு அத்தியாயம். கிணற்றுக்குள் இறங்கும் பெண்ணுக்கும் கால் சரியில்லை. நிலாவைத் தொட்டால் நடப்பாள் என்று எழுதியிருந்தேன். இதை ஒரு மேடையிலும் நான் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பு வராது பாருங்கள்.

"முதிர்ச்சியும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது" என்றேன். "அப்போ லாரி ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தேன். வீணாப் போன சரக்குச் சீட்டோட பின்பக்கத்துலதான் கதை எழுதுவேன். ஒருநாள் சீட்டு மாறி, அசுரன் வர்ற பக்கம் சிமெண்டு லாரியோட போயிடுச்சு. அங்க இருந்த வியாபாரி ரெண்டு பக்கமும் படிச்சிருக்கார். 'குறையுடன் பெறப்பட்டது'ன்னு முத்திரை குத்தி, கீழ எழுதி அனுப்பிட்டார். 'மூட்டை நாற்பது சரி. அசுரன் ஒன்று வந்து சேரவில்லை.'"

முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் தங்கையைப் பார்த்தே பேசினேன்.

"மேனேஜர் அதை டீ நேரத்துல எல்லார் முன்னாடியும் வாசிச்சார். அப்புறம் ஒரு மாசம், 'சார், அசுரனை எந்த வண்டியில ஏத்தணும்?'னு டிரைவருங்க மானத்தை வாங்கிட்டாங்க. வெட்கம் தாங்கலை. அத்தனை தாளையும் கிழிச்சுப் போட்டேன். உன்கிட்ட, 'அது சின்னப் பசங்க கதை, விட்டுட்டேன்'னு சொன்னேன்."

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

"விட்டுட்டேன்னு சொன்ன அன்னிக்குக் காலைல நீ டாக்டரைப் பார்த்துட்டு வந்தியே?"

"எக்ஸ்ரே படம் வாங்கப் போனேன். டாக்டர் அன்னிக்கு வரவே இல்லை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அடப்பாவி! நான் நடக்கவே மாட்டேன்னு டாக்டர் உன்கிட்ட சொல்லிட்டார், அதான் நிறுத்திட்டேன்னு நெனச்சேன். முப்பத்தியொரு வருஷமா அப்படித்தாண்ணா நெனச்சுட்டிருக்கேன். அப்புறம் நடந்துட்டேன், சரி. ஆனா நீ நம்பலையேன்னு இருந்துச்சு."

அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்தது. "எனக்கு அந்த நெனப்பே வரலைம்மா. வெட்கப்பட்டேன், அவ்வளவுதான். மடையன்."

நூலகர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்போ அந்தப் பொண்ணு இன்னும் கிணத்துலதான் இருக்காளா?"

"அவ அப்பவே மேல வந்துட்டாங்க" என்றாள் என் தங்கை.

"எப்படிம்மா? வழியே இல்லைன்னு உங்க அண்ணன் சொன்னாரே?"

"படி இருந்துச்சு. நூத்திப் பதினாலு படி. இவர்தான் எழுதினார், மறந்துட்டார். இவர் கதையை நிறுத்தின பிறகு கட்டைப் பிரிச்சாங்க. மத்தியானம் எல்லாரும் வெளிய போனதும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு அடியா எண்ணுவேன். முதல் நாள் நாலு. நூத்திப் பதினாலு வந்த அன்னிக்கு அவளும் வெளிய வந்துட்டா."

யாரும் கைதட்டவில்லை. கடைசியில் எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"நிலாவை எடுத்துட்டு வந்தாளா?"

"கீழயே விட்டுட்டா" என்றாள். "அதான் மேல ஆறு இருக்கே, போதாதா?"