நகர்த்தி வைத்த பாலம்

எது எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்வதுதான் மேப்காரருக்குப் பிழைப்பு. ஊர் என்றால் நிஜ ஊர் இல்லை. லட்சக்கணக்கான பேர் ஆன்லைனில் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டு. அதற்குள் காடு, மலை, ஆறு, பாழடைந்த கோட்டை என்று ஒரு தேசமே இருந்தது. அந்தத் தேசத்தின் வரைபடத்தை ஓர் இணையதளத்தில் வைத்துப் பராமரிப்பது இவர் வேலை. ஆடுகிறவர்கள் அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, கிணறு எங்கே, புதையல் பெட்டி எங்கே என்று பார்த்துப் பார்த்துப் போவார்கள். சொன்ன இடத்தில் சொன்னது இல்லாவிட்டால் மேப்காரரைக் கரித்துக் கொட்டுவார்கள்.

கரித்துக் கொட்டுவதற்கென்றே தளத்தின் மூலையில் ஒரு படிவம் உண்டு. எந்த இடம், என்ன தவறு, எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று கேள்வி. "பெட்டி இருக்குன்னு போட்டிருக்கீங்க, போனா கரடி இருக்கு" என்று ஒருவர் எழுதுவார். "உங்க மேப்பைப் பாத்துப் பாத்து எனக்கு என் வீட்டுக்கே வழி மறந்துபோச்சு" என்று இன்னொருவர். மேப்காரர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திருத்துவார். பிறகு, கீழே இருக்கும் 'திருத்தப்பட்டது' என்ற பச்சைப் பொத்தானை அழுத்துவார். எழுதியவருக்குத் தகவல் போய்விடும், குறையும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். மனிதர் இதில் கில்லாடி. பதினோரு வருஷத்தில் எந்தக் குறையையும் மூன்று நாளுக்கு மேல் தூங்க விட்டதில்லை.

அப்படிப்பட்டவர்தான் பெற்ற மகளின் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்தார்.

மகளுக்கு வெளிநாட்டில் ஒரு வேலை கைகூடி வந்தது. நேர்முகத் தேர்வுக்கு அங்கேயே வரச் சொல்லியிருந்தார்கள். ஒரே பிள்ளை, போனால் திரும்ப மாட்டாள் என்று மேப்காரருக்குப் பயம். வாயைத் திறந்து அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. அலமாரியின் மேல்தட்டில், வாஷிங் மெஷின் வாரண்டி காகிதங்களுக்கு நடுவே பாஸ்போர்ட்டைச் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி மகளோடு சேர்ந்து வீடு முழுக்கத் தேடினார். சோபாவைப் புரட்டினார். டார்ச் அடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் தவழ்ந்தார். "பதறாதம்மா, எங்க போயிடப் போகுது" என்றார். தேர்வு நாள் தாண்டிப் போயிற்று.

அடுத்த வாரமே மெஷின் ஒழுக ஆரம்பித்தது. மெக்கானிக் வாரண்டி காகிதத்தைக் கேட்க, மகள்தான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். காகிதத்தை மெக்கானிக்கிடம் கொடுத்தாள். பாஸ்போர்ட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட மேப்காரர் பிழைத்திருப்பார். அந்த மாதக் கடைசியில் அவள் வேறோர் ஊரில் ஒரு வேலை பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எட்டு மாதமாக, இவர் போனை எடுத்தால் அவள் சொல்வது ஒன்றுதான்: "அம்மாகிட்ட குடுங்க."

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் படிவத்தில் ஒரு குறை வந்தது. வடக்குக் காட்டுக் கிணறு இரண்டு கட்டம் தள்ளிக் காட்டுகிறது, ஆற்றோரமாக இருக்க வேண்டும். எழுதியவர் பெயர் 'வாலு'.

வீட்டில் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட நாளில் அவள் விளையாட்டுக்குள் நடந்து நடந்து இடம் சொல்ல, இவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். இதை யார் படிப்பார் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. மேப்காரர் கிணற்றைத் திருத்திவிட்டுத் தினமும் படிவத்தைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? மேப்பில்தான் ஒரு தப்பும் இல்லையே.

நாலாவது வாரம் மேப்காரர் மேப்பில் படகுத்துறையைக் கொஞ்சம் மேற்கே நகர்த்தி வைத்தார்.

இரண்டே நாளில் வந்துவிட்டது. "படகுத்துறையை ஏன் மாத்துனீங்க? பழைய இடம்தான் சரி." அவர் அதை ஆறு முறை படித்தார். அதன் பிறகு கை கூசவே இல்லை. வாரத்துக்கு ஓர் இடம். அவள் வழக்கமாகப் போய்வருகிற பக்கமாகப் பார்த்து ஒரு குகை, ஒரு குடிசை, ஓர் ஆலமரம். மற்றவர்களும் திட்டினார்கள்தான். இரண்டு நாளில் திருத்திவிடப் போகிறோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒன்பதாவதாகப் பள்ளத்தாக்குப் பாலத்தை நகர்த்தினார். மறுநாளே விளையாட்டுக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது: சனிக்கிழமை பெரிய பந்தயம், எல்லா அணிகளும் பள்ளத்தாக்கைத் தாண்டியாக வேண்டும். அப்போதே பாலத்தைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். ஆனால் வாலுவிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. அவள் எழுதட்டும், எழுதியதும் திருத்திவிடலாம் என்று காத்திருந்தார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் அறுபத்துமூன்று குறை. "பாலம் இருக்குன்னு நம்பிக் குதிரையை விட்டோம். அஞ்சு பேரும் பள்ளத்துல" என்றது ஒன்று. கடைசியாக இருந்தது வாலுவுடையது.

"இந்த மேப்பை நம்பலாம்னு டீம்ல எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன். தெரிஞ்சே நகர்த்துனீங்களா?"

மேப்காரர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை பார்க்கும் மனைவி, சனிக்கிழமை அரை நாள் என்பதால் அந்த நேரத்துக்கு வீடு திரும்பினாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"மேப்புல ஒரு சின்னத் தப்பு. அப்டேட் வந்தப்ப தானா மாறியிருக்கும்போல."

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். "பாஸ்போர்ட் தேடறப்பவும் இதே மூஞ்சியத்தான் வச்சிருந்தீங்க."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கிணறு முதல் பாலம் வரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"அவ உங்களோட பேச ஆரம்பிச்சிருக்கா. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"பேசலயே. குறைதான எழுதினா."

"அதுதாங்க பேச்சு. வேற எப்படிப் பேசுவா உங்ககிட்ட?"

மேப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தானா மாறிடுச்சுன்னு எழுதிடலாமான்னு பாக்கறேன்."

"எழுதுங்க. இன்னொரு தடவை கட்டிலுக்கடியில டார்ச் அடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த வார்த்தை நன்றாகச் சுட்டது. மேப்காரர் பாலத்தை அதன் இடத்தில் வைத்தார். தளத்தின் முகப்பில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, தான் தெரிந்தே நகர்த்திய ஒன்பது இடங்களையும் தேதி போட்டு எழுதினார். சொந்தக் காரணத்துக்காகச் செய்தேன், மன்னிக்க வேண்டும் என்று முடித்தார். வாலுவுக்குத் தனியாக, "ஆமாம்மா. தெரிஞ்சேதான்" என்று மட்டும் பதில் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் அவருடைய பதினோரு வருஷப் பெயர் சந்தி சிரித்தது. தளத்தின் மேலாளர் போன் செய்து, திங்கட்கிழமை நேரில் வாருங்கள் என்றார். குரலிலேயே விஷயம் இருந்தது. வேலை போனாலும் போகட்டும், அவள் இனி எழுத மாட்டாளே என்பதுதான் மேப்காரரை அரித்தது. அவளைப் பிடித்து வைத்துக்கொள்வதாக நினைத்து இரண்டாவது தடவையும் விரட்டிவிட்டோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம், மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த நேரம், பட்டியலின் தலையில் ஒரு புதுக் குறை வந்து நின்றது. வாலு.

எந்த இடம்: நம்ம வீட்டு அலமாரி, மேல்தட்டு.

என்ன தவறு: அங்கதான் இருக்குன்னு தெரிஞ்சும் என்கூடவே தேடுனீங்க.

எப்படி இருக்க வேண்டும்: அத நீங்கதான் சொல்லணும்.

பழக்கதோஷத்தில் அவர் கை பச்சைப் பொத்தானை நோக்கிப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டார். மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தார். நாலாவது முறை அழிக்கவில்லை.

"நீ போயிட்டா தனியாயிடுவோம்னு பயமா இருக்குன்னு சொல்லியிருக்கணும். சொல்லிட்டு, பாஸ்போர்ட்ட உன் கையில குடுத்திருக்கணும்."

அனுப்பினார். பொத்தானை அழுத்தவில்லை. அந்தக் குறை பட்டியலின் தலையில் அப்படியே இருந்தது.