இரண்டு பேர் அனுப்பிய பெயர்

ராஜினாமா கடிதம் கொடுத்துப் பதினோரு நாள் கழித்து ரௌஷானுக்கு ஜிபெக்கிடமிருந்து அழைப்பு வந்தது.

ஷிம்கென்ட் நகரத்துப் பால் ஆலையில் தரம் பார்க்கும் ஆய்வகம் பன்னிரண்டு வருஷமாக ரௌஷானின் பொறுப்பு. அல்மாட்டியில் இதைவிடப் பெரிய ஆலையில் அவளுக்கு இடம் பிடித்தவள் ஜிபெக், வேலைக்கு ஆள் தேடித் தரும் ஏஜென்சிக்காரி. மூன்று சுற்று நேர்காணலும் முடிந்ததும், "எடுத்தாச்சுக்கா. ஆர்டர் ரெண்டு நாள்ல வந்துடும். ஒரு மாச நோட்டீஸ் இருக்குல்ல, கடிதத்தை இன்னைக்கே குடுத்துடுங்க" என்று அவசரப்படுத்தியதும் அவள்தான்.

ஆர்டர் மட்டும் இன்னும் வந்தபாடில்லை. இப்போது அவள் எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"அக்கா, ஒலெக்னு யாருக்காவது பயோடேட்டா குடுத்தீங்களா?"

ரௌஷானுக்கு நினைவு வந்தது. அவனும் ஒரு ஏஜென்சிக்காரன். வசந்தத்தில் ஒருநாள் கேட்டான். பஸ்ஸில் நின்றபடியே அனுப்பிவைத்தாள். அதன்பின் அவன் பேசவே இல்லை.

"அந்த ஆளு உங்களைக் கேக்காமலே இதே கம்பெனிக்கு அனுப்பியிருக்கான். இப்ப வந்து, இவங்க எங்க ஆளு, கமிஷன் எங்களுக்குத்தான்னு வக்கீல் வரைக்கும் போயிட்டான். வம்பே வேண்டாம்னு கம்பெனியில உங்க பேரையே அடிச்சுட்டாங்கக்கா."

"இதுல நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல" என்றாள் ஜிபெக்.

ஒலெக்கைக் கூப்பிட்டால் அவன் துளியும் அசரவில்லை. "அந்தப் பொண்ணு விட்டுக்குடுத்திருந்தா இந்நேரம் ஆர்டர் உங்க கையில இருந்திருக்குமே" என்றான்.

மறுநாள் காலை மேலாளர் துர்சின்பெக்கின் அறைக்குப் போனாள். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அவர் தானே எழுந்து அவளுக்குத் தேநீர் ஊற்றினார்.

"தங்கச்சி, அன்னைக்குப் போகாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? சம்பளம்கூட ஏத்தித் தர்றேன்னேன்."

"ஆமாண்ணே."

"உன் இடத்துக்குத் தராஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. கையெழுத்தாயிடுச்சு. வீட்டைக் காலி பண்ணிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாத்திட்டு வந்திருக்கா. அவளை எப்படித் திரும்பிப் போன்னு சொல்லுவேன்?"

"வேற ஏதாவது... கீழ் வேலையா இருந்தாலும் பரவால்ல."

"இருந்தா குடுக்க மாட்டேனா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. கோபப்படக்கூட வழியில்லாமல் அவள் கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தாள்.

மீதி நாட்கள் மெருவெர்த் என்ற அந்தப் பெண்ணுக்கு வேலை கற்றுக்கொடுப்பதில் போயின. ஒட்டகப்பால் எந்த அளவு புளித்தால் புட்டியில் அடைக்கலாம், எந்தப் பண்ணைக்காரர் தண்ணீர் கலப்பார், எந்தக் குளிர்பெட்டியின் கதவை உதைத்து மூட வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மெருவெர்த் கெட்டிக்காரி, ஒருமுறை சொன்னால் போதும். அதுவும் ரௌஷானுக்கு வலித்தது.

கடைசி நாள் ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். அல்மாட்டி வேலை போன விஷயம் துர்சின்பெக்கைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிய சால்வையை அவள் தோளில் போர்த்தி, "அல்மாட்டிக்காரி ஆனதும் போனை எடுக்க மாட்டீங்க" என்று ஒருத்தி சீண்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். "எடுப்பேன்" என்றாள் ரௌஷான். துர்சின்பெக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசல்வரை வழியனுப்ப மெருவெர்த் வந்தாள்.

"அங்க வீடு பார்த்தாச்சாக்கா? எங்களுக்கு இங்க கிடைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ரௌஷான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.