குருடன் பார்த்த நட்சத்திரம்

சஃபர்அலி பராத்துக்குத் தர வேண்டியது இன்னும் முந்நூற்று நாற்பது தோமான். பராத் இழந்த இரண்டு கண்களுக்கு ஊர்ப்பெரியவர் போட்ட விலை ஆயிரம். ஆறு வருஷத்தில் அறுநூற்று அறுபதைக் கட்டியிருந்தான்.

யஸ்துப் பாலைவனத்தில் நிலத்தடி வாய்க்கால் தோண்டியவர்கள் இருவரும். தலைமைத் தொழிலாளியான உஸ்தா பராத் குழிக்குள்ளே, சஃபர் மேலே மண்வாளியை இழுக்கும் உருளையடியில். குழியின் அடியிலிருந்து அண்ணாந்தால் பட்டப்பகலிலும் நட்சத்திரம் தெரியும் என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள். பராத் அதைத் தேடி அண்ணாந்த நேரம் சஃபரின் கை வழுக்கியது. வாளி கவிழ்ந்து சுண்ணாம்பு மண் பராத்தின் கண்களை நிறைத்தது. அதே வாரம்தான் சஃபருக்கு மகள் பிறந்தாள். மாஹ்பானு.

இப்போது அவள் ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். டவுன் டாக்டரின் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. மனைவி குலந்தாம் பக்கத்து வீட்டு சக்கினேயை முட்டை உடைக்கக் கூப்பிட்டாள்.

சக்கினே முட்டையின் இரு முனையிலும் நாணயம் வைத்து உள்ளங்கைகளால் பிடித்தாள். பிள்ளையைப் பார்த்தவர்கள் பெயரைக் குலந்தாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முட்டையில் கரிப்பொட்டு வைக்க, சக்கினே அழுத்தினாள். எந்தப் பெயருக்கு உடைகிறதோ, அவர் கண்தான் பட்டது.

"என் பேரையும் வை. நானும் பார்த்தவதானே," என்றாள் சக்கினே.

"உன் கண்ணு பட்டிருந்தா இந்த முட்டை போட்ட கோழியே செத்திருக்கும்டி!"

இருவரும் சிரித்தார்கள். பொட்டு முப்பதைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது. முட்டை கல்லைப் போல இருந்தது.

"யாரையோ விட்டுட்டே."

"பார்த்தவங்க எல்லாரையும் சொல்லிட்டேனே."

"பார்க்காதவங்க?"

மகளின் தலைமாட்டில் இருந்த சஃபர் நிமிர்ந்தான். "பராத்," என்றான்.

சக்கினே அழுத்தவே இல்லை. முட்டை தானாக உடைந்து மஞ்சள் கரு அவள் மணிக்கட்டில் வழிந்தது.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். கண் வைத்தவனின் துணியில் ஒரு நூல் வாங்கி, கண்ணேறு கழிக்கும் இஸ்பந்து விதையோடு நெருப்பில் போட வேண்டும். அந்தி மங்குவதற்குள் சஃபர் பராத்தின் வாசலில் நின்றான்.

பராத் சுவரில் சாய்ந்து, வெள்ளை விழிகளை மேலே தூக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

"வாடா சஃபர். பணமா, சாக்குப்போக்கா?"

"உஸ்தா, உங்க இடுப்புத்துணியில ஒரு நூல் வேணும். குழந்தைக்கு முடியல."

பராத்தின் சிரிப்பு போய்விட்டது.

"ஆறு வருஷமும் இருட்டுடா. அஞ்சு நாளா ஒண்ணே ஒண்ணு தெரியுது. சின்ன நட்சத்திரம். என்னமா மின்னுது! அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பார்க்கப் பார்க்க மங்குது. அது யாரோடதுன்னு எனக்குத் தெரியாதுடா."

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல. கொடுங்க."

"இன்னும் மூணு ராத்திரி பார்த்துக்கிறேன். முந்நூத்தி நாப்பதையும் விட்டுடறேன். ஊர் முன்னாடியே சொல்றேன்."

"மூணு ராத்திரி அவ தாங்க மாட்டா, உஸ்தா. ஆயுசுக்கும் உழைச்சுக் கட்டுறேன். நூலைக் கொடுங்க."

பராத்தின் விரல்கள் இடுப்பைத் தடவின. ஒரு நூலை உருவி நீட்டினான். சஃபர் வாங்கும்போதும் அந்த வெள்ளை விழிகள் மேலேயேதான் இருந்தன, வழித்துணைக்கு வந்தவனைக் கடைசியாகப் பார்ப்பது போல.

வீட்டில் விதைகள் படபடவென்று வெடித்தன. நூல் சுருண்டு கருகியதும் மாஹ்பானுவுக்கு வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் கேட்டாள்.

விடிந்ததும் குலந்தாம் மகளின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். இடது கண்மணியில் கடுகளவு வெள்ளை.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா. ஒரு நட்சத்திரம் தெரியுது. கண்ணை மூடினாலும் போக மாட்டேங்குது."

அந்த மாதத்துக்கென்று சேர்த்த பன்னிரண்டு தோமானை எடுத்துக்கொண்டு சஃபர் ஓடினான். பராத் அதே சுவரடியில், தலை தொங்க உட்கார்ந்திருந்தான்.

"போயிடுச்சுடா. பிள்ளை எப்படி இருக்கா?"

மகளின் கண்ணில் விழுந்த வெள்ளையையும் அவளுக்குத் தெரியும் நட்சத்திரத்தையும் சஃபர் சொன்னான். பராத் பணத்தைத் தொடவில்லை. மடியிலிருந்து ஊர்ப்பெரியவரின் முத்திரை போட்ட கடன் சீட்டை எடுத்து, நான்காகக் கிழித்தான்.

"பணத்தை எடுத்துட்டுப் போ. இனி நமக்குள்ள பாக்கி இல்ல."