எங்கிருந்து வந்தது: தெரியவில்லை

"உங்க ஃபேக்டரிக் கதையும் வீட்டுக்கு வேண்டாம், என் கடற்கரைக் குப்பையும் வேண்டாம். சரியா?"

"சரி. அப்ப உட்கார்ந்து என்னதான் பேசறது?"

"பேசாம இருக்கப் பழகுங்க. ஊர்ல மத்த புருஷங்க எல்லாம் இருக்காங்க இல்ல?"

கல்யாணமான வாரத்தில் இருவரும் சிரித்துக்கொண்டே போட்ட ஒப்பந்தம். ஆறு மாதத்துக்கு முன்புவரை அதில் அவளுக்குப் பெருமைதான். அன்று வாஷிங் மெஷினுக்குள் அவன் பேன்ட் மடிப்பிலிருந்து வெளிர்நீலப் பிளாஸ்டிக் மணிகள் உதிர்ந்துகிடந்தன. சனிக்கிழமைதோறும் கடற்கரைக் குப்பையைக் கணக்கெடுக்கும் குழுவோடு போய், ஈர மணலைச் சலித்து அவள் எண்ணுகிற அதே மணிகள்.

அவன் அந்த மணிகளை உருக்கி வாளி, குடம் வார்க்கும் ஃபேக்டரியில் சரக்கு இறக்கும் யார்டுக்குச் சூப்பர்வைசர். மூட்டை கிழிந்து மணி சிந்தினால் குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் யார்டு பளிச்சென்று ஆகிவிடும். மணிகள் மழைநீர்க் கால்வாய் வழியே கடலுக்குப் போய்விடும். கூட்டி அள்ளலாம் என்று சொன்ன பழைய சூப்பர்வைசரை மறுமாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் அந்தப் பழைய சூப்பர்வைசரின் மனைவிதான் கடையில் பார்த்தபோது கொட்டித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டு வந்தவள் வீட்டில் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் 'எங்கிருந்து வந்தது' என்ற இடத்தில் வாராவாரம் 'தெரியவில்லை' என்று எழுதினாள்.

இந்தச் சனிக்கிழமை, எண்ணுவதற்காக மணலில் வைக்கும் மரச்சட்டத்துக்குள் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு மணிகள். வழக்கமாக முப்பது தேறாது.

"என்னம்மா, கடலுக்கு வாந்தியா?" என்றார் குழுத்தலைவி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அவன் காய்ச்சல் தணிந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"நேத்து உங்களுக்குப் பதிலா யார்டை யாரு பாத்துக்கிட்டது?"

"அடுத்த ஷிஃப்ட் மொட்டைதான். ஏன், இன்னிக்கி நிறைய இருந்துச்சா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்ன நிறைய?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "வெள்ளிக்கிழமை நான் யார்டைக் கழுவ விடமாட்டேன். சனிக்கிழமை நீ எண்ணி முடிச்ச பிறகுதான். அதுக்கு முன்னாடி போனதை அலை இழுத்துட்டுப் போயிடும். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சுன்னு புலம்புவியே... மொட்டைகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அன்பு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் குறைந்த எண்ணிக்கையை நம்பித்தான் கரை தேறி வருகிறது என்று மேலே அறிக்கை போயிருந்தது. கீழே அவள் கையெழுத்து. மணி எங்கிருந்து வருகிறதென்று இவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் மூடி மறைத்திருக்கிறார்கள்.

"திட்டணும்னா திட்டிடு. இப்படிப் பாக்காத."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனெதிரே உட்கார்ந்தாள். "திட்டல. ஒண்ணு கேக்கணும். ஆறு மாசமா தொண்டையிலேயே நிக்குது."

"கேளு."

"திங்கட்கிழமையிலேர்ந்து அங்க தண்ணி அடிக்க விடாதீங்க. கூட்டி அள்ளச் சொல்லுங்க. வேலை போனா போகட்டுங்க."