மூன்றாவது உப்புத்தாள்

…இன்னும் உளிதான் ஓடுகிறது, உப்புத்தாள் ஆரம்பிக்கவில்லை, ஆகவே பயமில்லை, இந்த வெள்ளத்துரை அண்ணாச்சி எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் லேத்து இரைச்சலில் திரைக்கு அந்தப் பக்கம் மரம் கடைகிற புருஷனுக்கு ஒன்றும் கேட்காது என்று கரோலின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே மேசையில் விரித்திருந்த பச்சைத் துணி மேல் நான்காவது பேனாவை எடுத்து வைத்தாள். எடுத்து வைக்கிற கையையா இந்த மனுஷன் பார்க்கிறார், பேனாவை அல்லவா பார்க்கிறார், அதுவும் என்ன பார்வை, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மரத்தின் வரி மூடியிலிருந்து உடம்புக்கு நேராக இறங்குகிறதா என்று… சாத்தாங்காட்டில் இரும்பு விற்கிறவருக்கு மரத்தில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு? கடை ஆரம்பித்து இருபத்தைந்து வருஷமாம், பழைய வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க நாற்பது மரப்பேனா வேண்டுமாம், மாதிரி பார்க்க மட்டும் இது மூன்றாவது தடவை. வந்து அரை மணி ஆகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டால், வேண்டாம் தங்கச்சி, நின்னு பாத்தாத்தான் தெரியும் என்கிறார். என்ன தெரியும்? கடவுளே, என்னதான் தெரிய வேண்டும் இந்த ஆளுக்கு?

கரகரவென்றிருந்த சத்தம் ஸ்ஸ்ஸ் என்று இளைத்தது. முதல் உப்புத்தாள். எட்டு வருஷமாக இந்த முன்னறைக் கடையில் நின்று நின்று அவளுக்குக் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. பின்னறையில் உளி ஓடினால் நேரம் நிறைய இருக்கிறது, அப்புறம் முதல் உப்புத்தாள், இரண்டாவது, அதைவிட மெல்லிசாக மூன்றாவது, அப்புறம் மெழுகு, மெழுகு போட்டதும் மோட்டார் நிற்கும். நின்றால் கேட்கும். இந்தப் பக்கம் யாராவது தொண்டையைச் செருமினால்கூடக் கேட்கும். அதற்குள் அண்ணாச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு சரி என்று சொல்லிப் படி இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான், உலகத்தில் அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். வெளியே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, வேண்டாத நேரத்திலெல்லாம் காது கிழிய ஹாரன் அடிப்பவர்கள் இன்றைக்குப் பார்த்து வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், அடியுங்களேன்டா பாவிகளா…

“மூடி நிக்கலயே தங்கச்சி. போன தடவையே சொன்னம்லா?” என்றார் அண்ணாச்சி. சொன்னார். போன தடவையும் சொன்னார், அதற்கு முந்தின தடவையும் சொன்னார். வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரி பண்ணி வைக்கிறேன் என்று இவளும் தலையை ஆட்டினாள். அப்புறம் திரைக்குப் பின்னால் போய், அண்ணாச்சிக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சு, வூட்டுல ஒரு வார்த்தை கேட்டுகினு வராராம் என்றாள். பிராங்கிளின் சிரித்தான். அன்றைக்கு ராத்திரி அவனே மீன் வாங்கி வந்தான், தெருவெல்லாம் நாற்பது பேனா ஆர்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தான், இன்று காலைகூட முகம் மழித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினான். பாடுகிற நாளில்தான் ஏமாற்றமும் பெரிதாக இருக்கும்.

சொல்லக்கூடாது என்று அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? அவன்தான் கற்றுக்கொடுத்தான். போன ஐப்பசியில் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள், பேனாவைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த இடம் கொஞ்சம் சொரசொரப்பா இருக்குக்கா என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள், இவள் அதை அப்படியே போய்ச் சொன்னாள், அப்போதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், முட்டாள். அவன் கத்தவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கினான். லேத்தில் சுற்றிக்கொண்டிருந்த கட்டைமேல் உப்புத்தாளைச் சுற்றினான், இருப்பதிலேயே முரட்டுத் தாள், அவள் கையைப் பிடித்து ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து அழுத்தினான். “தொட்டுப் பாரு. எங்கமே கீது சொரசொரப்பு?” என்று கேட்டான், சாதாரணமாக, சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. அவள் அலறியது லாரி ஹாரனில் போய்விட்டது. ரத்தம் கோடாகச் சுவரில் தெறித்தது, அதைத் துடைத்ததும் அவள்தான். தோல் வளர்ந்துவிட்டது, ஆனால் வழவழவென்று வளர்ந்திருக்கிறது, ரேஷன் கடையில் விரலை வைத்தால் மெஷின் எடுக்கமாட்டேன் என்கிறது, பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு அழிஞ்சிருக்கும்மா, வேற விரல வை என்றார் கடைக்காரர். ஆமாங்க, தேய்ச்சுத்தான் என்றாள். பொய்யா அது? பொய்யில்லையே.

அதற்கப்புறம் சொல்வதை விட்டாள். யாராவது பேனாவைத் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கி, ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பேனாவை அரிசி டிரம்முக்கு அடியில் புதைப்பாள். ஏழு பேனா இருக்கிறது அங்கே. ஏழும் மூடி நிற்காதவை. மூடிக்குத் துளை போடப் புதிதாக வாங்கிய பிட்டு ஒரு மயிரிழை பெரிது போலிருக்கிறது, ஒருத்தராவது அவனிடம் சொல்லியிருந்தால் மறுநாளே மாற்றியிருப்பான், வேலை தெரிந்தவன்தான், யார் சொல்வது? அவள் வாயை மூடிக்கொண்ட ஆறு மாதமும் அவன் மூடி நிற்காத பேனாவாகவே கடைந்து தள்ளியிருக்கிறான். இந்தத் தட்டில் இருப்பது எல்லாமே அதுதான். இது தெரியாமல் அண்ணாச்சி ஐந்தாவதைக் கேட்கிறார், எடுத்துக் கொடுத்தாள், ஆறாவது எங்கே என்கிறார்…

சத்தம் இன்னும் மெலிந்தது. இரண்டாவது தாள். எடுங்களேன் அண்ணாச்சி, எதையாவது எடுத்துத் தொலையுங்களேன். மூடியைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, அந்தத் தடித்த விரல் செய்கிற சேட்டையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பேனாவைப் பிடுங்கி, முள்ளை அப்படியே அந்த விரல் நகத்துக்குள் ஏற்றினால் என்ன? மை நீலமாகப் பரவும், பின்னாலேயே சிவப்பு வரும், அப்போது சொல்லட்டும் மூடி நிற்கவில்லை என்று. சீ, என்ன மனசு இது. இவர் என்ன பண்ணினார் பாவம்? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்கிறார். அதுதான் எரிச்சல். இவர்கள் எல்லாரும் வேணாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இரண்டு படி இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆவதில்லை. வேணாம் என்று சொன்னதற்கு இவர்களை யாரும் கை முறுக்குவதில்லை, தலைமுடியைப் பிடித்து மேசைக் காலில் மோதுவதில்லை. டோல்கேட்டில் குடியிருக்கும் அக்கா எல்சி மட்டும் ஒரு தரம் கேட்டாள், என்கிட்ட வந்துடேன்டி என்று. சும்மா இரு அக்கா, அவரு நல்லவரு, கோவம்தான் என்றாள் இவள். சொல்லும்போது அக்காவின் கண்ணைப் பார்க்கவில்லை.

நல்லவர்… ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவன் குனிந்து உளி பிடித்திருந்தபோது லுங்கி முனை ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில், இரண்டு விரல்கடை தூரத்தில், ஆடிக்கொண்டிருந்தது. அவள் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பெல்ட் இழுத்தால் துணி சுருளும், துணியோடு கால், இடுப்பு, முகம் போய் இரும்பில் மோதும், எலும்பு எந்தச் சத்தத்தில் உடையும் என்றுகூட அவள் நினைத்துப் பார்த்துவிட்டாள், அவசரமே இல்லாமல். பிறகு அவனே பார்த்து லுங்கியை மடித்துக் கட்டினான், டீயை வாங்கிக் குடித்தான். சர்க்கரை கம்மி என்றான். மாதாவே, மன்னிச்சிடு என்று அன்றைக்குப் பூராவும் வேண்டிக்கொண்டாள், ஆனால் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள், நினைத்ததற்கா, நடக்காமல் போனதற்கா என்று அவளுக்கே விளங்கவில்லை.

மூன்றாவது தாள். இது கொசு பறக்கிற மாதிரிதான் கேட்கும், உற்றுக் கேட்க வேண்டும். அண்ணாச்சி காகிதத்தில் தன் கடை விலாசத்தை எழுதிப் பார்த்தார், ஓரத்தில் பிள்ளையார் சுழி வேறு. எழுத்து நல்லாத்தான் விழுது என்றார், அவள் அவசரமாக, ஆமா அண்ணாச்சி, இதையே எடுத்துக்கோங்க என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவர் மூடியைப் போட்டார். தலைகீழாகப் பிடித்தார். மூடி கழன்று மேசையில் விழுந்து உருண்டது.

மெழுகு போட்டதை அவள் கவனிக்கவே இல்லை, அந்த நேரம் பார்த்து மோட்டார் நின்றது.

“ரெண்டு தடவை சொல்லியாச்சு தங்கச்சி, ஒண்ணுமே செய்யலயே நீங்க?” அவ்வளவு அமைதியில் அது பூசையில் ஒலிபெருக்கி வைத்த மாதிரி கேட்டது. திரை விலகியது. பிராங்கிளின் மரத்தூள் படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தான், சிரித்த முகம், வாங்க அண்ணாச்சி என்று கும்பிட்டான், மூடியை எடுத்து விரலில் சுழற்றிப் பார்த்தான், பிட்டு மாத்தணும், ஒரு நாள் வேலைதான் என்றான். பிறகு அதே சிரிப்போடு அவளைத் திரும்பிப் பார்த்தான். “முன்னயே ரெண்டு தபா சொன்னாராமே. எங்கிட்ட சொல்லலயே நீ?” அவள் விரல் நுனி குறுகுறுத்தது. அவன் தட்டில் இருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் தட்டித் தட்டிப் பார்த்து வைத்தான், வலிக்காமல், மெதுவாக. எண்ணிக்கொண்டிருக்கிறான். இன்றைக்கு எந்தக் கை? இன்றைக்கு விரலோடு நிற்குமா?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணாச்சி நிற்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை. எட்டு வருஷமாக இவர்கள் சீக்கிரம் எடுத்துக்கொண்டு போகமாட்டார்களா என்று வேண்டினாளே, போன பிறகுதானே எல்லாம் நடந்தது! குறை சொல்லிக்கொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த நச்சுப் பிடித்த மனுஷர்கள் நின்றுகொண்டிருந்த நேரமெல்லாம் அவள் மேல் ஒரு அடி விழவில்லையே. “அண்ணாச்சி, கிளிப்பு பாருங்க, கலர் பாருங்க, வேற மரம் கூட கீது” என்றாள், குரல் அவளுடையது மாதிரியே இல்லை. பாருங்களேன், இன்னும் பத்துக் குறை சொல்லுங்களேன், சாயந்திரம் வரைக்கும் சொல்லுங்களேன். மரத்தில் மயிரிழைக் கீறலைப் பார்க்கிற கண்ணுக்கு எதிரே நிற்கிறவள் தெரியமாட்டாளா?

“போதும் தங்கச்சி,” என்றார் அண்ணாச்சி, வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் திருப்தியாக. “மூடி ஒண்ணுதான் குறை. தம்பி சரி பண்ணிருவாரு. வியாழக்கிழமை வாரேன்.” படி இறங்கினார். செருப்பை மாட்டினார். பிராங்கிளின் சிரித்தபடியே கும்பிட்டுவிட்டு, ஷட்டர் இழுக்கிற கம்பிக்குக் கை நீட்டினான். கம்பி கொக்கியில் மாட்டுகிற சத்தம் கேட்டது, ஷட்டர் கிறீச்சென்று பாதிக்கு இறங்கியது.

“அண்ணாச்சி.” அவர் திரும்பினார். அந்தப் பேனாவும் மூடியும் தனித்தனியாக அவள் கையில் இருந்தன, எப்போது எடுத்தாள், எப்போது ஷட்டருக்கடியில் குனிந்து தெருவுக்கு வந்தாள்? என்ன தங்கச்சி என்றார். என்ன சொல்வது? வாடிக்கைக்காரர்கள் சொல்வது தவிர அவளுக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. “எனக்கு இது வோணாம் அண்ணாச்சி,” என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் பேனாவைப் பார்த்தார். பிறகு அதை நீட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், முகத்தைச் சுளித்து இன்னும் கிட்டத்தில் குனிந்தார். காலுக்கடியில் தார் சுட்டது. ஷட்டருக்குக் கீழே பிராங்கிளினின் கால் தெரிந்தது, அதற்குப் பக்கத்திலேயே அவள் செருப்பு. செருப்பில்லாமல் டோல்கேட்டில் அக்கா வீடு வரைக்கும் நடக்க முடியுமா என்று கரோலின் யோசித்தாள். இந்த வெயிலில் முடியுமா, லாரி நிழலிலேயே போனால்… அது ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.